பச்சைக்கு அடியில் தங்கக் கோடு

செக்கரின் கண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்தான்.

துணி ஆலையில் அவருக்குத் துணி பார்க்கும் வேலை. சாய்வாக நிற்கும் ஒரு பால்கண்ணாடி மேசை, அதற்கு அடியில் விளக்கு. மேலே உருளையிலிருந்து துணி இறங்கி வந்துகொண்டே இருக்கும். ஓர் இழை அறுந்திருந்தாலும், ஒரு முடிச்சு துருத்திக்கொண்டிருந்தாலும், சாயம் ஓரிடத்தில் கொஞ்சம் வெளிறியிருந்தாலும் அவர் கால் தானாக மிதியை அழுத்தும். துணி நிற்கும். ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு மறுபடி ஓடவிடுவார். இருபத்தாறு வருடமாக இதே பிழைப்பு. ஆலையில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, செக்கர்தான். மேனேஜர்கூட ஒரு தடவை, "செக்கர் பாத்தாச்சுன்னா கடவுளே பாத்தாப்ல" என்று சொல்லியிருக்கிறார். அதை அவர் வீட்டில் வந்து ஏழெட்டு முறையாவது சொல்லிக் காட்டியிருப்பார்.

இந்தக் கண் வேலை முடிந்ததும் ஓய்வெடுக்கிற கண் அல்ல. ஜன்னல் திரை ஒரு பக்கம் அரை விரல் இறங்கியிருப்பது, தட்டில் இருக்கும் மயிரிழைக் கீறல், மனைவி பொத்தான் தைத்த நூல் சட்டையின் நிறத்தோடு ஒட்டாதது என்று எதுவும் தப்பாது. "வீட்டுக்குள்ள வரும்போது அந்தக் கண்ணைக் கழட்டி வாசல்லயே மாட்டிட்டு வாங்களேன்" என்பாள் மனைவி. செக்கர் சிரித்துக்கொள்வார். அவருக்கு அது பாராட்டு.

அப்பேர்ப்பட்ட கண்ணைக் கட்டிவிட்டார்கள். கட்டியது யார் என்பதுதான் கதை.

அவர் குடியிருந்த வீடு அவருடையதில்லை. மாமனார் கட்டியது. கல்யாணமான மறுவாரம் ஒரு தகரப் பெட்டியோடும் ஒரு சைக்கிளோடும் அந்த வீட்டுக்குள் வந்தவர், இத்தனை வருடமாக வந்தவராகவேதான் இருந்தார். கட்டில் மாமனார் வாங்கிப் போட்டது. கடிகாரம் மாமியார் ஆசைப்பட்டு மாட்டியது. சுவரில் ஓர் ஆணி அடிக்கச் சுத்தியலை எடுத்தால், "பாத்துங்க, அப்பா நின்னு பூச வெச்ச சுவரு" என்று உள்ளேயிருந்து குரல் வரும். மாமனார், மாமியார் இருவரும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகியும் அந்தக் குரல் மட்டும் நிற்கவில்லை. செக்கர் சண்டைக்காரர் அல்ல. ஆணியை மறுபடி டப்பாவில் போட்டுவிடுவார்.

ஆனால் சைக்கிள் அவருடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பெண் பார்ப்பதற்கெல்லாம் முன்னாலேயே, அவரே போய் நின்று தேர்ந்தெடுத்து வாங்கியது. கரும்பச்சை. கம்பி பிரேக், சங்கிலியை முழுசாக மூடும் உறை, ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் நடையில், சுவரோரம் அதற்கென்று ஓர் இடம். அந்த வீட்டில் 'என்னோடது' என்று நாக்குக் கூசாமல் அவர் சொல்லக்கூடிய ஒரே பொருள் அதுதான். வாரம் ஒருநாள் துடைப்பார். ஆலை வாசலில் ஒரு லாரி பின்னால் வந்து இடித்ததில் மேல் குழாயில் கட்டைவிரல் பதிந்தது போல ஒரு பள்ளம். துடைக்கும்போது அந்த இடம் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். உலகத்தில் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க முடியாத ஒரே குறை அவருக்கு அதுதான்.

பெயிண்ட் செதில் செதிலாக உரிய ஆரம்பித்ததும் மனைவியின் தம்பி தானாக முன்வந்தான். இரும்புக் கதவு, பீரோ, வண்டி எல்லாவற்றுக்கும் பெயிண்ட் அடிக்கிற பட்டறை அவனுடையது.

"மாமா, என் பட்டறை இருக்கும்போது உங்க வண்டி இந்தக் கோலத்துல நிக்கலாமா? எனக்குல்ல அசிங்கம்! கொண்டாந்து விடுங்க. அதே பச்சை. பள்ளத்தையும் எடுத்துர்றேன்."

செக்கருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மச்சான் தனக்கென்று ஒன்று செய்கிறேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு மாதம் பஸ்ஸில் போய் வந்தார். வண்டி திரும்பி வந்த அன்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. பச்சை பளபளத்தது. பள்ளம் இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. சீட்டு அதே சீட்டு, இடதுபக்கம் அவர் தைத்த தையலோடு. மணி அதே மணி. ஹேண்டில், சக்கரங்கள், சங்கிலி உறை எல்லாம் அதே. ஏறி ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து, "என்னமோ கொஞ்சம் உயரமா இருக்காப்ல இருக்கே மச்சான்" என்றார்.

"பேரிங்கெல்லாம் புதுசு மாமா. ஆடாம நிக்குதுல்ல, அதான் அப்படித் தெரியுது."

சரிதான் என்று நம்பிவிட்டார். துணியாயிருந்தால் மிதியை அழுத்தியிருப்பார். மச்சானாயிற்றே, எப்படி அழுத்துவது?

புது மெருகு வந்ததும் இனி பழைய டார்ச்சை ஹேண்டிலில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிக்கொண்டு போவது முடியாத காரியமாகிவிட்டது. முதல் ஷிப்டுக்கு விடியுமுன் கிளம்ப வேண்டும். ஆலைச் சாலையில் பாதி விளக்கு எரிவதில்லை. விளக்கு வேண்டும். அதுவும் அந்த வண்டிக்குப் பொருத்தமான விளக்கு வேண்டும். கண்டதை மாட்டினால் கோட்டுப் போட்டவன் காலில் ரப்பர் செருப்பு போட்டது போலாகிவிடும்.

சைக்கிள் சாமான் கடையை நடத்துவது ஓர் அம்மாள். மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, அது எங்கே என்று தேடிக்கொண்டிருப்பாள். செக்கர் போய் நின்றதும் ஏழு விளக்குகளை எடுத்து வரிசையாக வைத்தாள். செக்கர் ஒவ்வொன்றையும் நகத்தால் தட்டினார்.

"இது பிளாஸ்டிக்."

"மேலே குரோம் சார்."

"குரோமுக்குக் கீழ பிளாஸ்டிக். உள்ள பாட்டரி. பழசு மாதிரி வேஷம் போட்டிருக்கு."

"எல்லாமே பழசு மாதிரி இருக்கிற புதுசுதான் சார். நெஜப் பழசு வேணும்னா துருதான் கிடைக்கும். எடுத்துத் தரவா?"

அன்று ஒன்றும் தேறவில்லை. அடுத்தடுத்த வாரங்களிலும் போனார். தோட்டா மாதிரி முனை நீண்டது ஒன்று. அழகுதான், ஆனால் அவசரக்காரன் வண்டிக்குத்தான் பொருந்தும். சட்டி மாதிரி பெரியது ஒன்று; வெளிச்சத்தைவிடக் காற்றைத்தான் அதிகம் பிடிக்கும். மூன்றாம் வாரம் அந்த அம்மாள் மேல் பரணிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். பித்தளை உடம்பு, மேலே குரோம். நெற்றியில் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சரிவு. அதனால் எதிரில் வருகிறவன் கண் கூசாது. கண்ணாடியில் நெடுக்குக் கோடுகள். வெளிச்சம் ஒரே இடத்தில் குவியாமல் சாலைக்குக் குறுக்கே அகலமாகப் படியும். பின்னால் மட்கார்டுக்கு எலுமிச்சம்பழ அளவில் ஒரு சிவப்பு விளக்கு. இரண்டுக்கும் மின்சாரம் தர, பின்சக்கரத்தோடு உரசிச் சுழலும் டைனமோ. செக்கர் தட்டினார். டங் என்றது. அவர் வாயெல்லாம் பல்.

பல்பில்தான் குழப்பம். மஞ்சளா வெள்ளையா? இரண்டையும் வீட்டுக்கு எடுத்து வந்தார். நடையில் சைக்கிளை நிறுத்தி, மனைவியை எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொல்லி, கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பாட்டரியில் ஒட்டவைத்து மாற்றி மாற்றிக் காட்டினார்.

"இதுவா, இதுவா? நல்லாப் பாத்துச் சொல்லு."

அவள் நிஜமாகவே நின்று பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "மறுபடி அந்த மொதல்ல போட்டதப் போடுங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "மஞ்சளே இருக்கட்டும்ங்க. வெள்ளை ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. உங்க வண்டிக்கு மஞ்சள்தான் எடுப்பா இருக்கும்."

உங்க வண்டி! இருபத்து நான்கு வருடத்தில் அந்தச் சைக்கிளைப் பற்றி அவள் வாயிலிருந்து, "வழியில நிக்குது, கொஞ்சம் தள்ளி வைங்க" என்பதைத் தவிர வேறொன்றும் வந்ததில்லை. அந்த மூன்று வாரமும் அவள் அப்படி இருந்தாள். விளக்குகளைப் பற்றி அவர் அளந்ததையெல்லாம் கேட்டாள், டீயைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள், ஒருநாள் துணியை எடுத்துக் குரோமை அவளே துடைத்தும் கொடுத்தாள். வயசானால் பிரியம் கூடும் போலிருக்கிறது என்று செக்கர் நினைத்துக்கொண்டார். அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அவரும் மறைக்கவில்லை, துணி பார்க்கும்போது சீட்டியடித்தார் என்று ஆலையில் பேச்சு.

விடுமுறை நாளில் அவரே மாட்டினார். முன்விளக்கின் தாங்கியை ஹேண்டில் தண்டில் முடுக்கினார். வயரைக் குழாயின் அடிப்பக்கமாக, வெளியே தெரியாமல், கறுப்பு நூலால் ஒரு சாண் இடைவெளியில் கட்டிக்கொண்டு போனார். டைனமோவைச் சீட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்கு இறங்கும் மெல்லிய குழாயில் பொருத்த வேண்டும். அங்கேதான் ஒரு காரியம் செய்தார். அந்தப் பிடியில் ஊசிமுனைத் திருகு ஒன்று இருந்தது. அதை முடுக்கினால் புதுப் பெயிண்டைக் குத்துமே! அவர் மனசு கேட்குமா? திருகைக் கழற்றி எடுத்துவிட்டு, பழைய டியூபிலிருந்து ரப்பர் துண்டு வெட்டி அடியில் கொடுத்து, பெயிண்டில் ஒரு கீறல் விழாமல் பிடியை இறுக்கினார்.

மனைவி பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். செக்கர் மிதியைக் கையால் சுற்றினார். டைனமோ உர்ரென்றது. விளக்கு எரியவில்லை. பல்பை மாற்றினார், வயரை இழுத்துப் பார்த்தார், வேர்க்க வேர்க்கச் சுற்றினார். ஊஹூம்.

மறுநாள் வேலை முடிந்து போகிற வழியில் கடைக்கார அம்மாளிடம் சொன்னார். அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்த ஊசித் திருகை முடுக்கினீங்களா?" என்பதுதான்.

"அது பெயிண்டைக் குத்துமேம்மா."

"குத்தணும் சார். அதுக்குத்தான் அது. வயரு ஒண்ணுதானே போகுது? கரண்ட் போறது வயர்ல. திரும்பி வர்றது உங்க வண்டி உடம்பு வழியா. திருகு இரும்பைத் தொட்டாத்தான் விளக்கு எரியும். நீங்க ரப்பரு வெச்சு வண்டிக்குச் சட்டை போட்டு விட்டிருக்கீங்க."

வீட்டில் வந்து இதைச் சொன்னதும் மனைவி பதறினாள். "ஐயய்யோ, புதுப் பெயிண்டைக் கீறாதீங்க! அவன் எவ்வளவு கஷ்டப்பட்டு அடிச்சான்." அன்று சாயங்காலமே மச்சானும் வந்துவிட்டான். "மாமா, கீறினா அந்த இடத்துல துரு ஏறி மொத்தமும் உரிஞ்சிரும். இன்னொரு வயரு இழுத்து விட்ருங்க. அதான் சேஃப்டி." இரண்டு பேருக்கும் தன் வண்டி மேல் இவ்வளவு அக்கறையா என்று செக்கர் நெகிழ்ந்து போனார். நெகிழ்ந்து போனது அவர் குற்றமில்லை. இரண்டாவது வயரையும் இழுத்தார். விளக்கு எரிந்தது. ஆனால் அந்த வயர் குழாயில் கடகடவென்று அடித்துக்கொண்டது, பார்க்கவும் கண்றாவி. ஒரு வாரம் பொறுத்தார். கண்ணுக்கு முன்னால் ஒரு குறை தொங்கிக்கொண்டிருந்தால் அவரால் தூங்க முடியாது. அடுத்த விடுமுறையன்று காலை, வீட்டில் யாரிடமும் சொல்லாமல் வண்டியைக் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"மனசைக் கல்லாக்கிக்கிட்டு வந்திருக்கேன். கீறிருங்க."

அந்த அம்மாள் இரண்டாவது வயரை உருவிப் போட்டாள். ரப்பரை எடுத்தாள். "வெறும் திருகு பத்தாது சார், பெயிண்டு தடிப்பா இருக்கு" என்று பிடி உட்காரும் இடத்தில் சின்னக் கத்தியால் சுரண்டினாள். செக்கர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பழக்கம் விடவில்லை, குனிந்து பார்த்தார்.

பச்சைச் சீவல் உதிர்ந்தது. அதற்கு அடியில் சிவப்பு.

"நில்லுங்கம்மா."

"ப்ரைமரா இருக்கும் சார். அடியில ஒரு பூச்சு செவப்பா அடிப்பாங்க."

செக்கர் அவள் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் பூதக்கண்ணாடி மாதிரி பிடித்துக்கொண்டு பார்த்தார். ப்ரைமர் மங்கலாக இருக்கும். இது பளபளத்தது. கத்தியைத் தானே வாங்கி இன்னும் கொஞ்சம் சுரண்டினார். சிவப்பின் நடுவே, நூல் பருமனில், தங்க நிறத்தில் ஒரு கோடு. தூரிகையால் கையில் இழுத்த கோடு. கடையில் வாங்கும்போதே அழகுக்காகப் போட்டு வரும் கோடு அது. யாரோ ஒருவர் சிவப்பு நிறத்தில், தங்கக் கோடு போட்டு வாங்கிய சைக்கிள்.

அவருடையது பிறந்தது முதல் பச்சை. பச்சைக்கு அடியில் இரும்பு, அவ்வளவுதான்.

செக்கர் கத்தியைக் கீழே வைக்கவில்லை. சீட்டுக்குக் கீழே குழாயில் வண்டி நம்பர் அடித்திருக்கும். ஆலை சைக்கிள் ஸ்டாண்டில் வருடா வருடம் எழுதிக் கொடுக்கிற நம்பர், அவருக்குத் தலைகீழாகப் பாடம். அங்கேயும் சுரண்டினார். வேறு நம்பர். ஓர் இலக்கம்கூட ஒத்துப் போகவில்லை.

"என்ன சார், என்ன ஆச்சு?" என்றாள் கடைக்கார அம்மாள்.

"இது என் வண்டி இல்லம்மா" என்றார் செக்கர். சொல்லும்போதே தன் கையால் தைத்த சீட்டின் மேல்தான் கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து நேராகப் பட்டறைக்குப் போனார். ஓட்டிக்கொண்டு போகவில்லை, தள்ளிக்கொண்டு போனார். மச்சான் ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தான். சுரண்டிய இடத்தை மாமா விரலால் காட்டியதும் அவன் முகத்தில் ஈயாடவில்லை. பெயிண்ட் துப்பாக்கியைக் கீழே வைத்தான்.

"மாமா, உக்காருங்க மொதல்ல."

"என் வண்டி எங்க?"

"மாமா, எனக்கு அஞ்சு மாசமா உருப்படியா வேலையே இல்ல. உங்களுக்குத் தெரியும். பெரிய ஓட்டல் ஒண்ணு புதுசா வருது, கதவு, கிரில்லு, நாற்காலி மொத்தமும் பெயிண்டு வேலை. பேச வந்த ஓனர் கண்ணுல உங்க வண்டி பட்டுருச்சு. பெயிண்ட் உரிஞ்சு, பள்ளத்தோட நின்னுச்சுல்ல... இப்படியே வேணும், சுவத்துல மாட்டணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. குடுக்கலன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும். நான் விக்கல மாமா. சத்தியமா ஒரு காசு வாங்கல. வெறும் ஃப்ரேமைத்தான் குடுத்தேன். சீட்டு, சக்கரம், மணி எல்லாம் உங்களோடதுதானே? உங்க மனசு நோகக் கூடாதுன்னு அதே அளவுல தேடிக் கண்டுபிடிச்சு..."

"கேட்டிருக்கலாமே மச்சான்."

"கேக்கத்தான் இருந்தேன். அக்காதான் வேணாம்னுச்சு."

பட்டறையில் தின்னர் நெடி மூக்கை அறுத்தது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன் மாமா. அக்காகிட்ட மறைச்சு எதுவும் செய்ய மாட்டேன் நான்."

அதை அவன் தனக்குச் சாதகமாக நினைத்துத்தான் சொன்னான், பாவம்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. மனைவி மாவரித்துக்கொண்டிருந்தாள். தம்பி போன் செய்து சொல்லியிருக்க வேண்டும். அவள் நிமிராமல் அரித்துக்கொண்டே இருந்தாள். செக்கர் சமையலறை வாசலில் நின்றார். சைக்கிளைக் கொடுத்ததைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"மஞ்சளா வெள்ளையான்னு கேட்டேனே," என்றார். "நின்னு பாத்துதானே சொன்ன?"

அவள் சல்லடையைக் கீழே வைத்தாள். "நான் என்னங்க செய்யறது? அவன் குடும்பம் பட்டினி கிடக்கிற நிலைமை. நாலு குழாய்க்காக அவன் வேலையைக் கெடுக்கவா?"

"கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்."

"குடுத்திருக்க மாட்டீங்க." அவள் இப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க குடுத்திருக்க மாட்டீங்க. எனக்குத் தெரியாதா?"

செக்கர் யோசித்துப் பார்த்தார். நியாயமான மனிதர், அந்த நேரத்திலும் யோசித்துப் பார்த்தார். கொடுத்திருக்க மாட்டார்தான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நாலு நாள் பேசாமல் இருந்திருப்பார். ஐந்தாம் நாள் ஒருவேளை கொடுத்திருப்பார். அந்த ஐந்து நாளைத்தான் அவர்கள் அவருக்குத் தரவில்லை.

"சரி, குடுத்த. குடுத்ததோட விட்டிருக்கலாம். மூணு வாரமும் டீ கொண்டாந்து வெச்சியே, அது எதுக்கு? விளக்கைத் துடைச்சுக் குடுத்தியே?"

"மனசு உறுத்துச்சு," என்றாள் அவள். கண் கலங்கியிருந்தது. "நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க. எப்படிச் சொல்றது?"

செக்கருக்குத் தாங்க முடியாமல் போனது அதில்தான். தம்பிக்காகச் செய்தது அவருக்குப் புரிந்தது. ஏமாற்றியதைக்கூட இன்னும் கொஞ்ச நாளில் விழுங்கியிருப்பார். ஆனால் அந்த மூன்று வாரப் பிரியம்தான் வயிற்றெரிச்சலாக இருந்தது. இத்தனை வருடத்தில் அவருக்குக் கிடைத்த நல்ல வாரங்கள் அவை. அவை பிரியத்தில் வந்தவை அல்ல, உறுத்தலில் வந்தவை என்று இப்போது தெரிந்துவிட்டது. ஆயிரக்கணக்கான மீட்டர் துணியில் ஓர் இழை அறுந்திருந்தால் நிறுத்துகிறவர், தன் வீட்டு நடையில், ஒரு கை நீட்டும் தூரத்தில் நின்றவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, 'பிரியம்' என்று முடிவு கட்டியிருக்கிறார். தன் கண் மேல் அவருக்கே வெறுப்பு வந்தது. அவர் சாப்பிடவில்லை.

அடுத்த விடுமுறையன்று அந்த ஓட்டலைத் தேடிக்கொண்டு போனார். மச்சான் அடித்த கறுப்புக் கிரில் கேட் மின்னியது. உள்ளே நுழைந்ததும் நேர் சுவரில், இரண்டு ஆள் உயரத்தில், வேறு ஏதோ சக்கரங்களையும் ஹேண்டிலையும் மாட்டிக்கொண்டு அவருடைய ஃப்ரேம் தொங்கியது. உரிந்த பச்சை அப்படியே இருந்தது. பள்ளமும் அப்படியே இருந்தது; எல்லாரும் பார்க்கட்டும் என்று அந்தப் பக்கத்தையே வெளியே திருப்பி மாட்டியிருந்தார்கள். ஹேண்டிலில் ஒரு விளக்கு. பிளாஸ்டிக்கில் குரோம் பூசி, தொப்பி வைத்தது; சுவரிலிருந்து வயர் வாங்கிப் பட்டப்பகலிலும் எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பெண்கள் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"சார், எத்தனை பேரு? டேபிள் பாக்கவா?" என்று சர்வர் வந்தான்.

என்னோடது, இறக்குங்க என்று சொல்லத்தான் வந்திருந்தார். யார் கொடுத்தது என்று கேட்பார்கள். என் பெண்டாட்டியும் அவள் தம்பியும் கொடுத்தார்கள் என்று சொல்ல வேண்டும். அப்போ எங்ககிட்ட எதுக்கு வந்தீங்க என்பார்கள். சரிதானே? மச்சானின் வேலையும் போகும். இதையெல்லாம் ஒரு நிமிடத்தில் நினைத்துப் பார்த்தார்.

"அந்த விளக்கைத் தலைகீழா மாட்டியிருக்கீங்க," என்றார். "தொப்பி மேல வரணும்."

சர்வர் அண்ணாந்து பார்த்தான். "அப்படியா? இதுவரைக்கும் யாரும் சொல்லல சார்."

"யாரும் பாத்திருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் செக்கர் வெளியே வந்தார்.

சாமான் கடையில் அந்த அம்மாள் அவரைப் பார்த்ததும் கண்ணாடியைத் தேடுவதை நிறுத்தினாள். "விளக்கைத் திருப்பித் தர்றீங்களா சார்? எடுத்துக்கிறேன்" என்றாள் மெதுவாக.

"வேண்டாம். யார் வண்டியா இருந்தா என்ன, முதல் ஷிப்டுக்குப் போகணுமே. திருகை முடுக்குங்க."

அவள் முடுக்கினாள். ஊசிமுனை பச்சையையும் சிவப்பையும் தாண்டி இரும்பில் போய்ப் பதிந்தது. செக்கர் மிதியைச் சுற்றினார். விளக்கு எரிந்தது. மஞ்சள் வெளிச்சம் கடையின் எதிர்ச் சுவரில் அகலமாகப் படிந்தது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது.

"இன்னொண்ணு வேணும்மா," என்றார் செக்கர்.

அன்று சாயங்காலம் வீட்டு நடையில், சைக்கிளை வழக்கமான இடத்தில் நிறுத்தினார். துணியுறை போட்ட கனத்த சங்கிலியைப் பையிலிருந்து எடுத்து, பின்சக்கரத்தின் வழியாகவும் ஃப்ரேமின் வழியாகவும் கொடுத்து, ஜன்னல் கம்பியோடு சேர்த்துப் பூட்டினார். சத்தம் கேட்டு மனைவி கூடத்திலிருந்து வந்தாள்.

"என்னங்க இது? ஆலையிலகூட நீங்க பூட்டினதில்லயே."

"ஆலையில தேவைப்படல."

"நம்ம வீட்டுக்குள்ள யாருங்க வந்து எடுக்கப்..."

அவளால் அந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. செக்கர் பூட்டை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து நாளாகிவிட்டது. ஒரே வீட்டில்தான் இருக்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள். மச்சான் வந்தால் நாற்காலி போடுகிறார்கள். செக்கர் இன்னும் விடியுமுன் மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆலைக்குப் போய் வருகிறார். சாலை நன்றாகத் தெரிகிறதாம். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியம் பூட்டுவதுதான். தூங்கும்போது சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். பக்கத்துத் தலையணையில் படுப்பவளுக்கு அது தெரியும்.